முதல் பேட் கொன்ட்ரோலரைத் தெரிவு செய்வது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறையில் இருந்து வாங்குவோருக்கு

லெப்டொப்பில் இசை செய்யத் தொடங்கிய எவருக்கும் கொஞ்ச நாளில் மவுஸ் அலுத்துவிடும். தாளத்தை ஒவ்வொரு புள்ளியாகக் கிளிக் பண்ணி வைப்பதில் கைக்கு வேலையே இல்லை. அப்போதுதான் கண் இந்தப் பெட்டியில் போய் நிற்கும்: ரப்பர் கட்டங்கள் வரிசையாக அடுக்கி, தொட்ட இடமெல்லாம் வெளிச்சம் போடும் பேட் கொன்ட்ரோலர். கல்யாண வீட்டுக் குழுவில் கீபோர்ட் வாசிப்பவரும் வாங்க நினைக்கிறார், அறுகம்பையில் சுற்றுலாக் காலத்தில் டீஜே போடுபவரும் வாங்க நினைக்கிறார், களுவாஞ்சிக்குடியில் அறைக்குள் இருந்து பீட் செய்யும் ஏ.எல். மாணவரும் வாங்க நினைக்கிறார். மூவருக்கும் ஒரே பெட்டி சரிவராது. காசு சும்மா வருவதில்லை, தொட்டுப் பார்க்கக் கடையும் பக்கத்தில் இல்லை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் வழி குறைவு. ஆகவே யோசிக்க வேண்டியதை வாங்குவதற்கு முன்பே யோசித்து முடித்துவிட வேண்டும்.

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். எத்தனை கட்டம், எத்தனை நிறம் என்பதெல்லாம் பிறகு. நீங்கள் மெல்லத் தட்டினீர்களா, ஓங்கி அடித்தீர்களா என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியுமா, தெரியாதா? முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பெட்டிக்குள் சத்தம் இல்லை

இதைத் தெரியாமல் வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு. பேட் கொன்ட்ரோலருக்குள் எந்தச் சத்தமும் கிடையாது. நீங்கள் ஒரு கட்டத்தை அமத்தினால், “இந்த எண்ணுள்ள சுரம், இவ்வளவு வேகத்தில் அடிக்கப்பட்டது” என்ற செய்தியை யு.எஸ்.பி. வயர் வழியாக அனுப்பும். இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் இந்த மொழிக்குப் பெயர் மிடி. சத்தம் போடுவது லெப்டொப்பிலோ போனிலோ ஓடும் மென்பொருள்.

மேடையில் நாம் பார்த்துப் பழகிய ஒக்டாபேட் வேறு பொருள். அது குச்சியால் அடிப்பது, சத்தம் உள்ளேயே இருக்கும், நேரே மிக்சரில் வயரைக் குத்தினால் போதும். லெப்டொப் இல்லாமல் கோயில் திருவிழா மேடையில் ஏற வேண்டும் என்பவர் பேட் கொன்ட்ரோலரை விட்டுவிட்டு ஒக்டாபேட்டையோ, தனியே இயங்கும் நொவேஷன் சேர்க்கிட் ட்ராக்ஸ், அகாய் எம்.பி.சி. வன் போன்ற கருவிகளையோ பார்க்க வேண்டும். சேர்க்கிட் ட்ராக்ஸில் சார்ஜ் ஏற்றக்கூடிய பட்டரி உள்ளேயே இருக்கிறது, கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஓடும்.

முதல் படி: விரலுக்கு என்ன வேலை?

இந்தப் பெட்டிகள் இரண்டு வழியில் வந்தவை. ஒன்று 1988 இல் அகாய் நிறுவனம் வெளியிட்ட எம்.பி.சி.60. ரொஜர் லின் வடிவமைத்தது, நாலுக்கு நாலாக 16 தடித்த பேட்கள். விரலால் ட்ரம் அடிப்பதற்கென்றே வந்தது. மற்றது 2006 இல் வந்த மொனோம். எட்டுக்கு எட்டாக 64 பொத்தான்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெளிச்சம். 2009 இல் நொவேஷனின் முதல் லோஞ்ச்பேட் அதே 64 கட்ட அமைப்பை ஏபிள்டன் லைவ் மென்பொருளோடு சேர்த்துச் சாதாரண ஆட்கள் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்தது. அது முதன்மையாக, முன்பே செய்துவைத்த இசைத்துண்டுகளைத் தொடக்கி நிறுத்துவதற்கான பெட்டி. பெயரிலேயே ஏவுதல் இருக்கிறது.

உங்கள் வேலை எந்தப் பக்கம்? முன்பே செய்த லூப்களை அடுக்கி, ஒன்றை நிறுத்தி ஒன்றைத் தொடக்கி, ஒரு இரவு முழுக்க ஆட்டத்துக்கு வாசிப்பவர் என்றால் 64 கட்டமும் வெளிச்சமும்தான் தேவை. எந்தக் கிளிப் (இசைத்துண்டு) ஓடுகிறது, எது அடுத்த அடிக்குக் காத்திருக்கிறது என்று நிறத்திலேயே தெரியும். விரலால் தாளம் அடிப்பவருக்கு 16 தடித்த பேட் போதும். மெட்டும் வாசிக்க ஆசை என்றால் மறுபடியும் 64 வேண்டும், ஆனால் அது அடியின் கனம் உணர்கிற 64 ஆக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: அடியின் கனம்

மிடியில் ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 127 வரை ஓர் எண் உண்டு. மெல்லத் தொட்டால் 20, 30. ஓங்கி அடித்தால் 110, 120. பேட்டுக்கு இந்த உணர்வு இருந்தால் மென்பொருள் அதற்கேற்பச் சத்தத்தைக் கூட்டும், குறைக்கும், வேறு ஒலிப்பதிவையே எடுத்துப் போடும். உணர்வு இல்லாத பேட்டில் எப்படித் தொட்டாலும் ஒரே எண், ஒரே சத்தம்.

லோஞ்ச்பேட் மினி, அகாய் ஏ.பி.சி. மினி இரண்டுக்கும் இந்த உணர்வு இல்லை. விலை குறைவு, படத்தில் பார்க்க அழகு, அதனால் முதலில் கண்ணில் படுவதும் இவைதான். கிளிப் ஏவுபவருக்கு இவை நல்ல பெட்டிகள், ஏ.பி.சி. மினியில் சத்தம் ஏற்றி இறக்க 9 ஃபேடர்களும் இருப்பதால் டீஜே பக்கம் சாய்ந்தவருக்கு அது இன்னும் வசதி. தாளம் அடிக்க நினைப்பவர் இவற்றை வாங்கினால் கை கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

நம் பகுதி ஆட்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிக்கும் அண்ணாவியாரின் கையைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஆட்டக்காரர் களரிக்குள் வரும்போது விழும் அடி ஒன்று, பாட்டுக்குப் பின்னால் கிடந்து ஓடும் அடி வேறொன்று. கண்ணகி அம்மன் சடங்கில் உடுக்கு மெல்ல முணுமுணுத்துத் தொடங்கி ஏறுவதைக் கேட்டு வளர்ந்த காது நமக்கு. றபான் அடிப்பவரும் அப்படித்தான், விளிம்பில் விரல் நுனியும் நடுவில் உள்ளங்கையும் வெவ்வேறு கனத்தில் விழும். இந்தத் தாளங்களை எலெக்ட்ரோனிக் இசைக்குள் கொண்டுவர நினைப்பவரின் பேட்டுக்கு மெல்லிய அடியும் வன்மையான அடியும் ஒன்றாகத் தெரிந்தால் அந்த இசையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஒரே சீராகத் தட்டும் மெற்றொனோம்தான் கேட்கும்.

அடியின் கனம் உணர்பவற்றில் தொடக்கக்காரருக்கு ஏற்றவை மூன்று. அகாய் எம்.பி.டி.218: 16 தடித்த பேட், 6 திருகு குமிழ், விரலால் அடிப்பதற்கு நன்றாக இருக்கும், பேட்கள் கொஞ்சம் கெட்டி. நேட்டிவ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் மஷீன் மிக்ரோ: இதுவும் 16 பேட், தொட்டால் இன்னும் மென்மை, ஆனால் தன் சொந்த மென்பொருளோடு சேர்ந்தே முழுதாக வேலை செய்யும். லோஞ்ச்பேட் எக்ஸ்: 64 கட்டம், அடியின் கனமும் தெரியும், அடித்த பிறகு விரலை அமத்திப் பிடிக்கும் அழுத்தமும் தெரியும். மினியை விட ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. தாளமும் மெட்டும் கிளிப்பும் மூன்றும் வேண்டும், ஆனால் ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் சொல்வது லோஞ்ச்பேட் எக்ஸ். மினியை இப்போது வாங்கிவிட்டுப் பிறகு மாற்றலாம் என்பதை விட, காசு சேரும்வரை காத்திருப்பது நல்லது.

லோஞ்ச்பேட் புரோவின் 2020 ஆம் ஆண்டு மொடலில் கணினி இல்லாமலே ஓடும் நாலு தட சீக்வென்சர் (அடிகளை வரிசையாகப் பதிந்து தானாக வாசிக்கும் பகுதி) இருக்கிறது. வெளியில் சிந்தசைசர் வைத்திருப்பவருக்கு அது பெரிய உதவி, தொடக்கத்தில் தேவையில்லை. ஏபிள்டனின் புஷ் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். அருமையான கருவி. அதன் விலைக்கு நல்ல லெப்டொப் ஒன்றே வாங்கலாம், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் படி: மெட்டு வாசிப்பவர் பார்க்க வேண்டியது

64 கட்டத்தில் சுரங்கள் எப்படி அமைகின்றன என்று தெரிந்தால் இது கீபோர்டை விட இலகு. வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் அரைச் சுரம் ஏறும். நேர் மேலே உள்ள கட்டம் ஐந்து அரைச்சுரம் ஏறி இருக்கும். அதாவது சட்ஜத்தின் தலைக்கு மேலே சுத்த மத்திமம். அங்கிருந்து இரண்டு கட்டம் வலப்பக்கம் போனால் பஞ்சமம். சட்ஜத்திலிருந்து இரண்டு வரிசை ஏறி இரண்டு கட்டம் வலப்பக்கம் வந்தால் மேல் ஸ்தாயி சட்ஜம். பெட்டியின் எந்த மூலையில் தொடங்கினாலும் விரல் போகும் வடிவம் இதேதான். பாடுபவர் திடீரென்று அரைக் கட்டை ஏற்றச் சொன்னால் கீபோர்ட்காரர் கறுப்பு வெள்ளைக் கட்டைகளைத் தேடி விரலை மாற்ற வேண்டும். இங்கே கையை ஒரு கட்டம் தள்ளி வைத்தால் சரி.

லோஞ்ச்பேட் எக்ஸில் ஸ்கேல் முறை என்று ஒன்று உண்டு. ஒரு ஸ்கேலை, அதாவது சுர வரிசையை, தெரிவு செய்தால் அதற்குள் வரும் சுரங்கள் மட்டும் கட்டங்களில் நிற்கும், பிழையான சுரத்தில் விரல் படவே படாது. சங்கீதம் படித்தவர்களுக்கு இதில் சந்தோஷமான விஷயம், அந்தப் பட்டியலில் நம் மேளகர்த்தாக்கள் பல வேறு பெயரில் இருப்பது. மேஜர் என்றால் சங்கராபரணம். டோரியன் கரகரப்பிரியா. மிக்சோலிடியன் அரிகாம்போதி. நச்சுரல் மைனர் நடபைரவி, ஹார்மொனிக் மைனர் கீரவாணி. ஹங்கேரியன் மைனர் என்று போட்டிருப்பது சிம்மேந்திரமத்தியமம், உக்ரேனியன் டோரியன் ஹேமவதி.

ஒன்றில் மட்டும் கவனம். பட்டியலில் தோடி என்றும் இருக்கும். அது இந்துஸ்தானித் தோடி, நமக்குச் சுபபந்துவராளி. நம் தோடியின் சுரங்கள் வேண்டுமானால் ஃபிரிஜியனை எடுக்க வேண்டும். மாயாமாளவகௌளை அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கு ஸ்கேல் முறையை நிறுத்திவிட்டு எல்லாச் சுரமும் உள்ள அமைப்பில் நீங்களே கட்டங்களைப் பழக வேண்டும். சரளி வரிசை பாடத் தெரிந்தவருக்குப் பெரிய கஷ்டமில்லை.

கமகம் வராது. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். சாதாரண பேட்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, கட்டம் கட்டமாகத்தான் ஒலிக்கும். 2014 இல் ரொஜர் லின் வெளியிட்ட லின்ஸ்ட்ருமென்ட், 2023 இல் வந்த புஷ் 3 ஆகியவற்றில் விரலை அசைத்தால் சுரமும் அசையும். இரண்டும் விலை கூடியவை. தொடக்கத்தில் பேட்டை அடித்தளத் தாளத்துக்கும் பேஸுக்கும் கோர்ட்டுக்கும் வைத்துக்கொண்டு, கமகம் வேண்டிய இடத்தில் புல்லாங்குழலோ வயலினோ வாசிக்கும் நண்பரை அழைப்பதுதான் நல்ல வழி. கூட்டாக வாசித்த பாட்டும் கிடைக்கும்.

நான்காம் படி: லெப்டொப்பும் மென்பொருளும்

லோஞ்ச்பேட், ஏ.பி.சி. மினி இரண்டையும் புதிதாக வாங்கினால் ஏபிள்டன் லைவ் லைட் உரிமமும் கூடவே வரும். 8 தடங்கள் வரைதான், படிக்கவும் முதல் பாட்டுகள் செய்யவும் போதும். ரீப்பர் என்ற இசை மென்பொருளை 60 நாள் முழுதாகப் பாவித்துப் பார்க்கலாம். எஃப்.எல். ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையைத் திரும்பத் திறக்க முடியாது, ஒரு இரவு வேலை போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் கைமாறும் உடைத்த பதிப்புகளைத் தொடாதீர்கள். வைரஸ் ஒரு பக்கம், நிகழ்ச்சி நடுவில் நின்றுபோவது இன்னொரு பக்கம்.

அடித்ததற்கும் சத்தம் வருவதற்கும் இடையில் தாமதம் இருந்தால் பெரும்பாலும் குற்றம் பேட்டில் இல்லை. விண்டோஸ் லெப்டொப்பில் இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஓல் டிரைவரைப் போட்டு, ஒலி அமைப்பில் பஃபர் அளவை (லெப்டொப் ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 256க்குக் கொண்டுவாருங்கள். செக்கனுக்கு 44,100 ஒலி மாதிரிகள் என்ற வேகத்தில் 256 என்பது ஆறு மில்லி செக்கனுக்கும் குறைவு, விரலுக்குத் தெரியாது. 1024 இல் வைத்தால் 23 மில்லி செக்கன், தாளம் இழுபடுவது நன்றாகவே தெரியும். லெப்டொப் திணறிச் சத்தம் வெடித்தால் 512 இல் நிறுத்துங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டு வாசிக்க முயல வேண்டாம், அந்தத் தாமதத்தை எந்த அமைப்பாலும் சரிசெய்ய முடியாது. வயர் போட்ட ஹெட்ஃபோன் போதும்.

லெப்டொப் இல்லையா? அண்ட்ரொய்ட் போன், போனில் யு.எஸ்.பி. கருவிகளைக் குத்த உதவும் ஓ.டி.ஜி. வயர், கோலா சாம்பிளர் என்ற செயலி. இந்த மூன்றோடு ஒரு 16 பேட் கொன்ட்ரோலரை இணைத்தால் நல்ல வேலைகள் செய்யலாம். பேட்டின் வெளிச்சம் மங்கினாலோ சிமிட்டினாலோ போனால் மின் கொடுக்க முடியவில்லை என்று அர்த்தம், மின் இணைப்புள்ள ஹப் ஒன்று தேவைப்படும்.

ஐந்தாம் படி: பாவித்த பேட்டை வாங்கும்போது

புதிதாக வாங்குபவர் கொழும்புக் கடைகளில் விசாரித்து, உத்தரவாதம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்குபவர், பொருளின் விலையோடு சுங்க வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகையைக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டும். கட்டாரிலோ துபாயிலோ இருந்து அண்ணனோ மச்சானோ லீவில் வரும்போது கொண்டுவரச் சொல்வதுதான் நம் ஊரில் அதிகம் நடப்பது. அப்படியென்றால் மொடல் பெயரை முழுதாக எழுதி அனுப்புங்கள். லோஞ்ச்பேட் என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் மினியைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

பாவித்த பேட்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. வயர், லெப்டொப், மிடி எண்களைக் காட்டும் சிறு மென்பொருள் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். விண்டோஸில் மிடி-ஒக்ஸ் இலவசம். பேட்டை இணைத்து, இடது கீழ் மூலையிலிருந்து ஒவ்வொரு கட்டமாக முதலில் மெல்லத் தட்டுங்கள், பிறகு ஓங்கி. திரையில் எண் 30 பக்கத்திலிருந்து 120 பக்கம் ஏறவேண்டும். நடுவில் மட்டுமல்ல, கட்டத்தின் நாலு ஓரத்திலும் தட்டிப் பாருங்கள். நிறைய அடி வாங்கிய பேட்களில் ஓரம் முதலில் செத்துப்போகும். ஒரு தட்டுக்கு இரண்டு வரி திரையில் வந்தால் இரட்டை அடி விழுகிறது என்று அர்த்தம். வாசிக்கும்போது அது பெரிய தொல்லை. விரலை எடுத்த பிறகும் சுரம் நிற்காமல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். 16 பேட் பெட்டியில் கீழ் வரிசை அதிகம் தேய்ந்திருக்கும், பேஸ் ட்ரம்மை எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள்.

எல்லாக் கட்டத்தையும் வெள்ளை நிறமாக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் உள்ளே ஒரு நிறம் போய்விட்டது. 2009 இல் வந்த முதல் லோஞ்ச்பேட்டில் சிவப்பு, பச்சை, இரண்டும் கலந்த மஞ்சள் மட்டுமே வரும், அது பழுது அல்ல. ஆனால் அதற்கு இன்றைய மொடலின் விலை கேட்டால் வாங்காதீர்கள். 2015 இல் வந்த முதல் லோஞ்ச்பேட் புரோ யாரிடமாவது மலிவாகக் கிடைத்தால் விடவேண்டாம், அதற்கு அடியின் கனமும் அழுத்தமும் தெரியும். யு.எஸ்.பி. துளையில் வயரைக் குத்தி மெல்ல ஆட்டுங்கள், இணைப்பு விட்டுவிட்டு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மென்பொருள் உரிமத்தை முதல் ஆள் ஏற்கெனவே தன் பெயரில் பதிந்திருப்பார். அதையும் விலையில் பேசிக் குறைக்கலாம்.

ஆறாம் படி: முதலில் ஏற்ற வேண்டிய சத்தம்

மென்பொருளோடு வரும் ட்ரம் சத்தங்களில் பழகுங்கள், ஆனால் முதல் மாதத்துக்குள் உங்கள் ஊர்ச் சத்தம் ஒன்றைப் பேட்டில் ஏற்றிவிடுங்கள். மத்தளம் வைத்திருப்பவரிடம் கேட்டு, சத்தமில்லாத மத்தியானம் ஒன்றில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஒரு முழத் தூரத்தில் வைத்து, சுருக்கப்படாத வேவ் வடிவத்தில் பதியுங்கள். வலப்பக்கத் திறந்த அடி, அமத்திய அடி, இடப்பக்க அடி, இரண்டும் சேர்ந்த அடி. ஒவ்வொன்றையும் மெல்ல, நடுத்தரமாக, வன்மையாக மூன்று விதமாக அடிக்கச் சொல்லுங்கள். சடங்கு நடக்கும்போது உடுக்கைப் பதிய வேண்டாம். பிறகு ஒரு நாள் அடிப்பவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் தனியாகப் பதியலாம்.

வெட்டும்போது ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் உள்ள வெறுமையை முழுதாக நீக்குங்கள். இருபது மில்லி செக்கன் வெறுமை கிடந்தாலும் பேட் பிந்தி ஒலிப்பது போல இருக்கும், நீங்கள் தேவையில்லாமல் பஃபரைக் குறை சொல்வீர்கள். மூன்று கனத்தையும் ஒரே பேட்டில், எண் 1 முதல் 50 வரை ஒன்று, 51 முதல் 95 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். திறந்த அடியையும் அமத்திய அடியையும் ஒரே சோக் குழுவில் போட்டால், அமத்திய அடி விழும்போது திறந்த அடியின் நாதம் அறுந்துவிடும். உண்மையான தோலில் கை வைத்தால் நடப்பதும் அதுதான்.

சீக்வென்சர்கள் வழக்கமாக 16 கட்டத்தில் தொடங்கும். ஆதி தாளம் அதில் அப்படியே உட்காரும். மிச்ர சாபுக்கு நீளத்தை 14 ஆக்குங்கள், ரூபகத்துக்கு 12. இதை மாற்ற மறந்தால் தாளம் ஒவ்வொரு சுற்றிலும் விலகிக்கொண்டே போகும்.

பேட்டைக் கடற்கரைப் பக்கத்து வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்ய வேண்டும். உப்புக்காற்று யு.எஸ்.பி. துளையின் உலோகத்தைத்தான் முதலில் தின்னும். வாசித்து முடிந்ததும் வயரைக் கழற்றி, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதி இரண்டை உறைக்குள் போட்டு மூடி வையுங்கள். மாரி தொடங்கியதும் அந்தப் பொதிகளை மாற்றிவிடுங்கள்.